செம்பி தனியாகக் கடந்த படகுத் தடம்

பட்டணத்தின் நடுவே ஓடிக் கடலில் கலக்கும் ஓர் ஆறு. அதன் பாலத்தடியில் விலங்குகள் சில சேர்ந்து ஒரு படகுச் சங்கம் நடத்தின. கரைத் தோப்பில் உதிரும் தென்னம்பாளைதான் அவற்றுக்குப் படகு. தென்னை மட்டையைச் சீவித் துடுப்பு செய்துகொண்டன. அணில்களுக்கு மட்டும் ஐஸ் குச்சியே போதுமானதாக இருந்தது.

சங்கத்தில் எல்லோரையும்விட வேகமாகத் துடுப்புப் போடுவது செம்பி என்ற கீரி. அது கிளம்பினால் பாளை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். எல்லோருக்கும் பின்னால் வருவது தாண்டவன் என்ற பெருச்சாளி. அதன் பாளை பாதி அமிழ்ந்தபடிதான் நகரும்.

அன்று சங்கத்தின் முதல் நீண்ட பயணம். முகத்துவாரம் வரை போக வேண்டும். அங்கே இருக்கும் மணல் தீவில் நண்டு பிடித்துத் தின்றுவிட்டு, கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அவர்களில் யாரும் அதுவரை கடலைக் கண்டதில்லை. செம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மற்றவர்கள் கரைக்கு வருவதற்கு முன்பே பாளையைத் தண்ணீரில் தள்ளி ஏறி உட்கார்ந்துகொண்டது.

சங்கத்துத் தலைவி வடிவக்கா ஒரு மரநாய். கிளம்புவதற்கு முன் அது எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசியது. இந்த ஆற்றில் கடல் தண்ணீர் ஒரு வேளை ஏறும், ஒரு வேளை இறங்கும். இறங்கும்போது போனால் ஆறே இழுத்துக்கொண்டு போகும். ஏறும்போது திரும்பினால் ஆறே கொண்டுவந்து சேர்க்கும். ஆபத்து ஒன்றே ஒன்றுதான். முகத்துவாரத்துக்குச் சற்று முன்னால் விசைப்படகுகள் போய்வரும் தடம் குறுக்கிடும். அதைத் தாண்டித்தான் தீவுக்குப் போக வேண்டும்.

"தனிப் பாளை அவங்க கண்ணுக்கு வெறும் குப்பை. நாம எல்லாரும் பாளையோட பாளை ஒட்டிப் போனாத்தான், என்னவோ பெரிசா வருதுன்னு வேகத்தைக் குறைப்பாங்க. அதனால தடத்தை எல்லாரும் சேர்ந்துதான் கடக்கணும்" என்றது வடிவக்கா.

செம்பி அதைப் பாதிக் காதில்தான் வாங்கியது. மீதிக் காது கடல் இருக்கும் திசையிலேயே இருந்தது.

கிளம்பினார்கள். தலைக்கு மேலே பாலத்தில் பஸ்கள் கடகடத்தன. மின்சார ரயில் ஒன்று போனபோது பாலத்துத் தூணெல்லாம் அதிர, அணில்கள் வாலைத் தூக்கிக்கொண்டு கூவின. ஒரு மடவை மீன் துள்ளி வடிவக்காவின் மடியிலேயே விழுந்து, மறுபடி தண்ணீருக்குள் பாய்ந்தது. இறங்கும் தண்ணீர் பாளைகளை அள்ளிக்கொண்டு ஓடியது. இரண்டு பக்கமும் மாடி வீடுகளும் மரங்களும் பின்னால் ஓடின. செம்பிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முன்னால் பாய்ந்து போகும், வட்டமடித்துத் திரும்பி வரும், மறுபடி பாயும்.

ஆனால் ஒவ்வொரு வளைவிலும் நிற்க வேண்டியிருந்தது. தாண்டவன் வந்து சேர வேண்டுமே. அது மூச்சிரைக்க வரும். வடிவக்கா அதற்கு இளைப்பாற நேரம் கொடுக்கும். செம்பி துடுப்பால் பாளையைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

படகுத் தடத்தின் ஓரத்தை அடைந்தபோது உப்புக்காற்று முகத்தில் அடித்தது. தூரத்தில் என்னவோ ஒன்று விடாமல் இரைந்தது. அதுதான் கடல் என்று செம்பிக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. திரும்பிப் பார்த்தது. தாண்டவன் இன்னும் வளைவையே தாண்டவில்லை.

"அக்கா, தடம் காலியா இருக்கு. அவன் வந்து சேர்றதுக்குள்ள தண்ணி ஏற ஆரம்பிச்சிடும்" என்றது செம்பி.

"அவனும் வரட்டும்" என்றது வடிவக்கா.

செம்பி கேட்கவில்லை. துடுப்பை நாலு முறை வலித்ததும் பாளை தடத்துக்குள் போய்விட்டது. வடிவக்கா கூப்பிட்ட குரல் காற்றில் கரைந்தது.

பாதித் தடம் தாண்டியிருக்கும். நங்கூரமிட்டு நின்ற பெரிய தோணி ஒன்றின் மறைவிலிருந்து விசைப்படகு ஒன்று பாய்ந்து வந்தது. செம்பி எழுந்து நின்று கத்தியது. படகில் இருந்தவர்கள் அதன் தலைக்கு மேலாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகு ஒரு முழம் தள்ளிப் போனது. அது கிளப்பிவிட்ட அலை செம்பியின் பாளையைத் தூக்கிக் கவிழ்த்தது. துடுப்பு போயிற்று. பாளையும் போயிற்று. இழுப்பில் உருண்டு போன செம்பி, தடத்தின் நடுவே ஆடிய சிவப்பு மிதவை ஒன்றின் சங்கிலியை எப்படியோ பற்றிக்கொண்டது.

சங்கிலியெல்லாம் பாசி. பிடி வழுக்கிக்கொண்டே இருந்தது. மீன்பிடிக்கப் போன படகுகள் துறைமுகத்துக்குத் திரும்பும் நேரம் அது. ஒன்றன்பின் ஒன்றாக அவை வந்தன. ஒவ்வொன்றின் அலையும் செம்பியை முக்கி எடுத்தது. கடல் இரைந்துகொண்டுதான் இருந்தது. இப்போது செம்பிக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் தாண்டவன் தடத்தின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தது. நடந்ததை வடிவக்கா நாலே வார்த்தையில் சொன்னது. அணில்கள் நடுங்கின. படகுகள் வரிசையாக வரும்போது எப்படி இறங்குவது என்று கேட்டன. செம்பி தானாகத் தேடிக்கொண்ட வினை இது என்றும் ஓர் அணில் முணுமுணுத்தது.

தாண்டவனுக்கு இன்னும் மூச்சு அடங்கவில்லை. "என்னை நடுவுல விடுங்க. எனக்கு இருக்கிற எடைக்கு எந்த அலையும் நம்மைக் கவிழ்க்காது. ரெண்டு பக்கமும் என் பாளையைப் பிடிச்சுக்குங்க" என்றது.

மீதியிருந்த ஆறு பாளைகளும் ஒன்றோடொன்று ஒட்டின. பக்கத்துப் பாளையின் விளிம்பை ஒரு கையால் பற்றி, மறுகையால் துடுப்புப் போட்டார்கள். அடுத்த படகு நேரே அவர்களைப் பார்த்து வந்தது. யாரும் பிடியை விடவில்லை. படகின் முனையில் நின்ற மனிதன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"முன்னால என்னமோ பெரிசா மிதக்குதுப்பா, மெதுவா போ!"

எஞ்சின் சத்தம் அடங்கியது. படகு விலகி ஊர்ந்து போனது. பின்னால் வந்தவையும் வேகத்தைக் குறைத்தன. அலை வந்தபோது ஓரத்துப் பாளைகள் எழும்பின. நடுவில் தாண்டவன் பாறை மாதிரி உட்கார்ந்திருந்தது. மிதவையை அடைந்ததும் வடிவக்கா எட்டிச் செம்பியின் கழுத்தைக் கவ்வித் தூக்கியது.

செம்பிக்குப் பாளை இல்லை. தாண்டவனின் பாளையில்தான் இடம் கிடைத்தது. தடத்தைத் தாண்டியதும் தாண்டவன் துடுப்பை நீட்டியது. "கொஞ்ச நேரம் நீ போடு. எனக்குக் கை விட்டுப்போச்சு."

செம்பி தன் பலத்தையெல்லாம் கூட்டி வலித்தது. பாளை அசைந்து அசைந்துதான் நகர்ந்தது. இன்னும் வலித்தது. தோள் எரிந்தது. ஆனாலும் தாண்டவன் வந்த வேகத்துக்கு மேல் ஒரு விரற்கடைகூட அந்தப் பாளை போகவில்லை. காலையிலிருந்து இந்தப் பாரத்தையா இவன் வலித்து வந்தான் என்று செம்பி நினைத்தது.

"தாண்டவா, நீ என்னை விட்டுட்டுப் போயிருக்கலாம்" என்றது.

"எங்க போறது? சேர்ந்துதானே கிளம்பினோம்" என்றது தாண்டவன்.

மற்றவர்கள் முன்னால் போகவில்லை. அந்த ஊர்ந்து போகும் பாளைக்கு இரு பக்கமும் அணைந்தே வந்தார்கள். கடைசித் திருப்பம் விலகியது. கண்ணுக்கு எட்டிய வரை நீலம் விரிந்தது. ஆறு பாளைகளும் ஒரே நேரத்தில் மணலில் தட்டின. அணில்கள் கத்திக்கொண்டு அலையைத் துரத்தின. அலை திருப்பித் துரத்தியது. தாண்டவன் ஓட முடியாமல் நின்ற இடத்திலேயே குதித்தது. அதன் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு செம்பியும் குதித்தது.

கூட்டமாகப் புறப்பட்டவர்களுக்குக் கடைசியில் வருபவரின் வேகம்தான் வேகம். அதை மீறி ஓடுகிறவர் முன்னால் போவதில்லை, தனியாகத்தான் போகிறார்.