ஆம்ப் மட்டும் வாசித்த அறை

பொன்மலையில் கிட்டார் வாசிக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். வாசிப்பதை வீட்டிலேயே பதிவு செய்யக் கற்றுக்கொடுக்க ஒரே ஒருத்திதான், ஃபெலிசியா. வயது முப்பத்தைந்து. அவளுடைய சீடர் எட்வினுக்கு ஐம்பத்துநாலு, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கிளார்க். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். மரியாதைக்கு இரண்டு பக்கமும் குறைவில்லை.

கேள்வி கேட்டால் ஃபெலிசியா சட்டென்று பதில் சொல்ல மாட்டாள். "முதல்ல கேப்போம்" என்று ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொள்வாள். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும். அவளிடம் கற்றுக்கொண்ட நாட்களில் எனக்கும் இருந்திருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு எட்வின் வந்தார்.

"டீச்சர், சின்ன ஆம்ப் ஸ்பீக்கர்ல வர்ற கிட்டார் சத்தத்தை வீட்டுல ரெக்கார்ட் பண்ண எது சரி? முன்னாடி மைக் வைக்கிறதா, இல்ல கிட்டாரை நேரா ஒயர்ல எடுக்கிறதா?"

"நீங்க எப்படி எடுக்குறீங்க?"

"இதுவரைக்கும் மைக். இனிமே ஒயர்தான். நேரா கம்ப்யூட்டர்ல செருகிட்டா சுத்தமா இருக்கு. ஃபேன் சத்தம் இல்ல, பக்கத்து வீட்டு குக்கர் இல்ல."

"முடிவு பண்ணிட்டுத்தான் கேக்க வந்திருக்கீங்க."

"நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டா நிம்மதி."

"குக்கர் சத்தத்துக்கா இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

எட்வின் பென்டிரைவை எடுத்து மேஜையில் வைத்தார். அதைத் தள்ளி வைப்பதுபோல்தான் வைத்தார்.

"போன வாரம் மைக்ல எடுத்தது. கடைசிவரைக்கும் கேளுங்க."

ஃபெலிசியா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பழைய மெட்டு ஒன்று, அவசரமில்லாத வாசிப்பு. கடைசித் தந்தியின் அதிர்வு மெல்லத் தேய்ந்தது. அது முழுதும் அடங்கியபின் யாரோ "ம்" என்றார்கள். பெண் குரல். சின்னதாக, திருப்தியாக.

"யாரு இது?"

"புஷ்பராணி."

புஷ்பராணி எட்வினின் மனைவி. போன தவக்காலத்தில் இறந்துபோனாள்.

"கட்டில்ல உக்காந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டே கேப்பா டீச்சர். நல்லாருக்குன்னு வாயைத் திறந்து சொன்னதே கிடையாது. முடிச்சதும் ஒரு 'ம்'. அது வந்துட்டா வாசிச்சது சரின்னு நானா எடுத்துக்குவேன்."

"ஒவ்வொரு தடவை எடுத்ததுலயும் வருதா?"

"சரியா வாசிச்சதுல எல்லாம் வருது. பிசகினதுல வரல."

"உங்க தொண்டையா இருக்கும் அண்ணே. நமக்குத் தெரியாமலே வரும்."

"வாயில துண்டைக் கட்டிக்கிட்டு வாசிச்சுப் பாத்துட்டேன்."

வேறொரு நாளாக இருந்திருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்லுவீங்க" என்றார் எட்வின். "அரண்டது நான்தான், ஒத்துக்கறேன். மைக்குமா டீச்சர் அரண்டுபோச்சு?"

அவள் அந்தக் கடைசி நொடிகளை மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள்.

"எம் பொண்டாட்டிதான். ஆனாலும் பயமா இருக்கு. அந்த ரூமைப் பூட்டிட்டேன். ஹால்லதான் படுக்கை. கிட்டாரையும் ஹாலுக்குக் கொண்டுவந்து, ஒயர்ல எடுத்துட்டேன். அதுல ஒண்ணும் இல்ல. வர்ற மாசம் முதல் வருஷ நினைவுப் பூசை. முடிஞ்சு வீட்டுல ஜெபம். அப்போ அதைத்தான் போடப்போறேன். அதுக்கப்புறம் ரூமைத் திறக்கவே வேணாம்னு இருக்கேன்."

சொல்லி முடிக்கும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. பயந்ததற்காகவா, பூட்டியதற்காகவா என்று அவருக்கே தெரியவில்லை.

"வீட்டுக்குப் போவோம்" என்றாள் ஃபெலிசியா.

உச்சி வெயில். தெருவில் கறிக்குழம்பு வாசனை. எட்வின் பூட்டைத் திறந்தார், ஆனால் வாசற்படியிலேயே நின்றுகொண்டார். அவள் உள்ளே போனாள். விரித்தபடியே கிடந்த கட்டில், மூலையில் முக்காலி, அதன்மேல் டிபன் கேரியர் உயரம்கூட இல்லாத ஒரு ஆம்ப். ஜன்னலைச் சாத்தி, ஆம்ப்புக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி மைக்கை நிறுத்தினாள்.

எட்வின் தயங்கித் தயங்கி கிட்டாரைக் கையில் எடுத்தார்.

"நீங்க வாசிக்க வேணாம். ஒயர்ல எடுத்தீங்களே, அந்தச் சுத்தமான வாசிப்பு. அதை ஹால்ல இருக்குற கம்ப்யூட்டர்ல இருந்து இந்த ஆம்ப்புக்கு அனுப்புறேன். ஆம்ப் வாசிக்கட்டும், மைக் கேக்கட்டும். நாம ரெண்டு பேரும் வெளியே."

"உள்ளே யாரு இருப்பா?"

"யாரும் இல்ல."

கதவடியில் ஒயர்களை இழுத்துவிட்டுப் பூட்டினாள். ஹாலில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். ஃபேனை நிறுத்தியாயிற்று. அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள்.

பூட்டிய அறைக்குள் எட்வின் வாசிக்கத் தொடங்கினார்.

அதே விரல், அதே இழுப்பு, மூன்றாவது அடிக்கு முன்னால் அவர் வழக்கமாக விடும் அதே இடைவெளி. மடியில் சும்மா கிடந்த தன் கைகளை எட்வின் பார்த்தார். எழுந்து போய்விடலாமென்று நினைத்தார்.

வாசிப்பு முடிந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

"பாத்தீங்களா, ஒண்ணுமே இல்ல" என்றார். குரலில் நிம்மதி இருந்தது. ஏமாற்றமும் இருந்தது.

"முதல்ல கேப்போம்."

ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக்கொண்டார்கள். மைக் கேட்டதை அவள் ஓடவிட்டாள். மெட்டு வந்தது, முடிந்தது. கடைசித் தந்தி தேய்ந்தது. பிறகு வெறும் அறை. அது நெடுநேரம் நீண்டதுபோல் இருந்தது. எட்வின் காதிலிருந்து ஹெட்போனை எடுக்கப்போனார்.

அப்போது கட்டில் கிறீச்சிட்டது. ஒருவர் எழுந்து நிற்கும்போது வருகிற சத்தம். அதைத் தொடர்ந்து, மைக்குக்கு வெகு அருகில், அதே குரல்.

"ம்?"

எட்வினின் கை அப்படியே நின்றது.

"இது அந்த 'ம்' இல்லையே டீச்சர்."

"ஆமா."

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட அவ இப்படி இழுத்ததில்ல." அவர் அவள் முகத்தையே பார்த்தார். "பிசகிட்டேனா? எங்கேயாவது தந்தி தப்பியிருக்கா?"

"இல்லண்ணே. ஒரு பிசகும் இல்ல. இதைவிடச் சுத்தமா யாரும் வாசிக்க முடியாது."

"அப்புறம் என்ன கேக்குறா?"

ஃபெலிசியா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாசிச்சவர் எங்கேன்னு கேக்குறாங்க."