வண்டு முதுகுக் கூரையும் ஆறு குடமும்

உப்புத்தேரியில் கிணறு தோண்டினால் ஊறுகாய் போடலாம், குடிக்க முடியாது. குடிக்கத் தினம் லாரி வரவேண்டும். பத்து மணி என்றால் பதினொன்றரை. அதுவரை குடங்கள் வரிசையில் நிற்கும், ஆட்கள் பேசுவார்கள். வீட்டுக்கு நாலு குடம். வரிசையை மேய்ப்பவள் செல்லக்கனி.

அன்று கொத்தனார் சவரிநாயகம் ஆறு குடத்தோடு வந்து நின்றார்.

செல்லக்கனி எண்ணிவிட்டாள். கூடுதல் இரண்டு எதற்கு என்றாள்.

கூரைக்கு. இரண்டு குடம் இல்லாமல் போனால் கூரை போச்சு. வீட்டுத் தண்ணீரில் கைவைத்தால் சோறு கிடையாது என்று மனைவி ரோஸ்மேரி காலையிலேயே சொல்லிவிட்டாள். கூரைக்கு ஏன் தண்ணீர் என்று விளக்கினாலோ மானம் போய்விடும். ஆகவே சவரிநாயகம் புளுக ஆரம்பித்தார்.

எங்கோ பாலைவனத்தில் ஒரு வண்டாம். முதுகெல்லாம் முண்டு, சின்னச் சின்ன மேடு. விடியற்காலையில் தலையைக் கவிழ்த்துப் பின்புறத்தைத் தூக்கி நிற்குமாம். பனி முண்டில் ஒட்டி, உருண்டு, நேரே வாயில் விழுமாம். தூத்துக்குடியில் வேலை பார்த்தபோது ஒரு இன்ஜினியர் அம்மா சொன்னது. இதுவரை உண்மை. அதே மாதிரி தன் வீட்டுக் கூரையைச் சரிவாக்கி, தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துச் சாந்தில் ஆயிரத்து இருநூறு முண்டு வைத்தார். அதுவும் உண்மை.

முதல் நாள் அரைக் குடம் விழுந்தது என்றார். மறுநாள் மாடிப்படியில் வெள்ளம். கோழிகள் நீச்சல் பழகிவிட்டன.

உப்பளத்தில் முப்பது வருஷம் உழைத்த ஞானதிரவியம் இருமினார். “வே, நேத்தும் நீரு லாரித் தண்ணியத்தானே சுமந்தீரு?”

“அடிபம்புக்கு ஒரு செம்பு ஊத்தித்தான அடிக்கோம்? இந்தக் கூரைக்கு ரெண்டு குடம். ஊத்துனா இருநூறு இழுக்கும்.”

மூன்றாம் நாள் பனி போதாமல் கூரை ஊர் ஈரத்தையும் இழுத்ததாம். பக்கத்து வீட்டு வேட்டி பிழியும் முன்பே காய்ந்தது. மேலே பறந்த காக்கை கருவாடாக விழுந்தது. குழம்பு வைத்தார்களா என்று யாரோ கேட்டார்கள். தண்ணீர் இழுத்த காக்கையில் ருசி இருக்காது என்றார். தன் மூளையும் அன்றைக்கே காய்ந்துவிட்டது, அதற்கு முன்னால் அதில் எவ்வளவு ஈரம் இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள் என்றார்.

நாலாம் நாள், இலங்கைக்குப் போன மேகம் ஒன்று வீட்டுக்கு மேலே பிரேக் போட்டு நின்றது. அஞ்சாம் நாள் கடலே உள்வாங்கிவிட்டது. கட்டுமரத்துக்கெல்லாம் சக்கரம் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தன் வாயிலிருந்து வருவதைக் கேட்க அவருக்கே வெட்கமாக இருந்தது. எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை. வீடு கட்டும்போதும் அவருக்கு இதே கோளாறு.

லாரி வந்தது. கூடவே ரோஸ்மேரியும் வந்தாள். ஆறு குடத்தையும் பார்த்தாள்.

“புதுப் பூச்சை ஏழு நாள் நனைக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்லுத மனுசன் இவரு,” என்றாள். “அஞ்சு நாளா நாலு குடத்துல ரெண்டைக் கூரை குடிக்கி. நாங்க மீதியக் குடிக்கோம். அது இதுவரைக்கும் ஒரு சொட்டு தரலை.”

 லாரிக் குழாயில் தண்ணீர் விழ ஆரம்பித்தது.

சவரிநாயகம் தொண்டையைக் கனைத்தார். “வண்டும் அப்படித்தான். பிடிக்கிற தண்ணிய அதுவேதான் குடிச்சிக்கிடும். வேலை சுத்தமா வந்திருக்குன்னு அர்த்தம்.”

செல்லக்கனி நாலு குடத்தை நிரப்பி ரோஸ்மேரி பக்கம் தள்ளினாள். மற்ற இரண்டையும் தனியே வைத்தாள். “கூரைக்கு வேணும்னா கூரை வந்து வரிசையில நிக்கட்டும், அண்ணாச்சி.”

 சவரிநாயகம் காலிக் குடம் இரண்டையும் தூக்கிப்போய் வரிசையின் கடைசியில் வைத்தார். எல்லோரும் பிடித்துப் போனபின் மிச்சம் இருந்தால் உண்டு. முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றார். உச்சி வெயில். சட்டை போடாத முதுகில் வேர்வை முத்து முத்தாகக் கட்டி, உருண்டு இறங்கியது.

ஞானதிரவியம் அந்த முதுகைக் கைநீட்டிக் காட்டினார்.

“வே, முதுகுல வேலை நடக்கு. கீழ குடத்தை வையும்.”