இடிபட்ட காரில் இரண்டு சீட்

காதைக் கொடுப்பவர்கள் விரலையும் மடக்கத் தயாராக இருங்கள். இந்தக் கதையில் எண்ணிக்கை பிசகினால் விடையும் பிசகும்.

ராஜபாளையத்தில் மாசிலாமணி என்று ஒருவர். எட்டாம் வகுப்போடு நூற்பாலைக்குப் போனவர். ஓர் அங்குல நூலில் எத்தனை முறுக்கு இருக்கிறது என்று எண்ணிச் சொல்வதுதான் முப்பத்தாறு வருடமாக அவர் வேலை. எண்ணுவார், யாராவது கேட்டால்தான் சொல்வார். நாலு பேர் கூடிவிட்டால் வாய் திறக்கக் கூச்சம். ஓய்வு பெற்றதும் ஒரு கார் வாங்கினார். அவருக்கு ஓட்டத் தெரியாது, மருமகன் கதிரேசன்தான் ஓட்டுவார். வாங்கிய அன்றே மாசிலாமணி முன்சீட் இரண்டையும் முழுக்கச் சாய்த்து, சாய்மானப் பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லாக நேரே நிமிர்த்தி, எத்தனை 'டக்' கேட்கிறது என்று எண்ணி வைத்தார். இரண்டிலும் இருபத்திரண்டு.

மகள் நாச்சியாருக்கு ஏழாம் மாதம். தென்காசியில் புகுந்த வீட்டில் வியாழக்கிழமை வளைகாப்பு. அன்றைக்கே அவளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும்.

அதற்கு எட்டு நாள் முன்பு, உறவினர் வீடுகளில் அழைப்புச் சொல்லிவிட்டு மூன்று பேர் அந்தக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வலது சீட்டில் ஓட்டியபடி கதிரேசன், தொண்ணூற்று நாலு கிலோ. இடது சீட்டில் மாசிலாமணியின் தங்கை பூங்கோதை, நாற்பத்தேழு கிலோ, கொண்டையைச் சுற்றி மூன்று முழம் பிச்சிப்பூ. பூ நசுங்குகிறது என்று ஏறும்போதே ஹெட்ரெஸ்ட்டை அடிவரை அமுக்கிவிட்டிருந்தாள். விசேஷத்துக்குப் போகும் பெண்கள் பலரும் செய்வதுதான் அது. கதிரேசனுக்குப் பின்னால் மாசிலாமணி. பூங்கோதைக்குப் பின்னால் யாரும் இல்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றிருந்த காரின் பின்னால் ஒரு மினி லாரி வந்து மோதியது.

பூங்கோதையின் தலை பின்னால் போய்த் திரும்பியது. கழுத்து பிடித்துக்கொண்டது, மருத்துவர் பட்டை போட்டுவிட்டார். கதிரேசனுக்கு ஒரு வலியும் இல்லை. "ஊஞ்சல்ல சாஞ்ச மாதிரி இருந்துச்சு மாமா" என்றார். சாய்ந்து கிடந்த தன் சீட்டை நிமிர்த்திக்கொண்டு வீடுவரை அவரே ஓட்டிவந்தார். மாசிலாமணிக்கு இரண்டு முழங்காலும் கன்றிப்போயிருந்தன. வேட்டி மறைத்துக்கொண்டது. அவரும் சொல்லவில்லை.

காரைச் சரிசெய்தவர் மெக்கானிக் யாக்கூப். எடுத்துப்போகச் சொன்ன அன்று காரில் இருந்த மூன்று பேரும் அவர் பட்டறையில் நின்றார்கள்.

"பின்பக்கத்த புதுசாட்டம் ஆக்கிட்டேன் அண்ணாச்சி. முன்சீட்டு ரெண்டும் நேராத்தான் நிக்குது. அதைத் தொட வேண்டாம்" என்றார் யாக்கூப்.

கதிரேசன் ஒப்பவில்லை. "பின்னால உக்காந்தா நாச்சியாருக்குக் குமட்டும். எனக்குப் பக்கத்துலதான் உக்காருவா. சின்னம்மா கழுத்தைப் புடிச்ச சீட்டுல அவளை எப்படி உக்கார வைக்க? இடது சீட்டை மாத்துங்க."

பூங்கோதை பட்டைக்கு மேலே தாடையைத் தூக்கிக்கொண்டாள். "சீட்டு என்ன செய்யும்? காருக்குத்தான் கண்ணு பட்டிருக்கு. எலுமிச்சம்பழத்தை நசுக்கிட்டு, பிள்ளைய ரயில்ல கூட்டிட்டு வாங்க."

"ரயிலுக்காக நின்னப்பதான் இடிச்சான் சின்னம்மா."

"மாப்பிள்ளைக்கு வாயிலயும் அடிபடல" என்றாள் அவள்.

யாக்கூப் மதுரைக்குப் போன் போட்டுக் கேட்டார். புதன்கிழமைக்குள் ஒரே ஒரு சீட்தான் அனுப்ப முடியும், இடதானாலும் சரி, வலதானாலும் சரி. அடுத்ததற்குப் பன்னிரண்டு நாள் ஆகும்.

மூவரும் மாசிலாமணியைப் பார்த்தார்கள். அவர் காருக்குள் ஏறினார். இடது ஹெட்ரெஸ்ட்டை மேலே இழுத்தார். நாலு படி, நாலிலும் கச்சிதமாக நின்றது, அழுத்தினாலும் இறங்கவில்லை. வலதிலும் அப்படியே. பிறகு இடது சீட்டை முழுக்கச் சாய்த்து நிமிர்த்தினார். இருபத்திரண்டு 'டக்'. வலது சீட்டைச் சாய்த்து, இடதுக்குச் சமமாக நிமிர்த்தினார். இருபத்தாறு. மறுபடி எண்ணினார். இருபத்தாறுதான்.

"என்ன அண்ணாச்சி, செபம் சொல்லுதீங்களா?" என்று கேட்டார் யாக்கூப்.

மாசிலாமணி முழங்காலைத் தடவிக்கொண்டே இறங்கினார். அவருக்கு இப்போது சந்தேகம் இல்லை. அவரோடு சேர்ந்து எண்ணி வந்த உங்களுக்கும் இருக்கக் கூடாது. சொல்லுங்கள்: யாக்கூப், கதிரேசன், பூங்கோதை, இந்த மூவரில் யார் சொன்னது சரி? வருகிற ஒரே சீட்டை எந்தப் பக்கம் மாட்ட வேண்டும்?

விடை: மூவர் சொன்னதும் சரியில்லை. மாற்ற வேண்டியது யாருக்கும் வலி தராத வலது சீட். கதிரேசனின் கனம் விழுந்ததும் அதன் இரும்புச் சட்டம் பின்னால் வளைந்து இடியை வாங்கிக்கொண்டது. ஊஞ்சல் சுகம் அதுதான். பின்னால் இருந்தவர் முழங்காலில் இடித்ததும் அதுதான். வளைந்த சட்டம் நேராகத் தெரிய நாலு பல் கூடுதலாக நிமிர வேண்டியிருந்தது. இன்னொரு இடியை அது தாங்காது, ஓட்டுகிறவர் கையிலிருந்து ஸ்டீயரிங் போய்விடும். இடது சீட்டில் பழுதே இல்லை. ஹெட்ரெஸ்ட் தாழ்ந்து கிடந்ததால் பூங்கோதையின் தலைக்குத் தாங்கல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இதைச் சொல்ல மாசிலாமணி நாலு வார்த்தை தேடினார். கிடைக்காமல் மூவர் முன்னாலும் வேட்டியை முழங்கால்வரை தூக்கிக் காட்டிவிட்டார். புதன்கிழமை வலது பக்கம் புதுச் சீட் ஏறியது. எண்ணினார்: இருபத்திரண்டு. வியாழக்கிழமை நாச்சியார் கொண்டை நிறையப் பூவோடு ஏறி உட்கார்ந்து, உச்சந்தலை உயரத்துக்கு ஏற்றியிருந்த ஹெட்ரெஸ்ட்டை அமுக்கக் கை வைத்தாள். "கொண்டைய அவுத்துட்டு, சடையா முன்னால போட்டுக்கம்மா" என்றார் மாசிலாமணி. அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை.