சாக்பீஸில் எழுதிய வருஷம்

"ஏனுங்க அம்மணி, எனக்கு மட்டும் அந்த சாக்பீஸைத் தரவே மாட்டீங்களா?"

கேட்டவர் மயில்சாமி. வயது ஐம்பத்தெட்டு. ஸ்பின்னிங் மில் ஸ்டோரில் காலமெல்லாம் உதிரி பாகம் எடுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மனுஷன் பேப்பர் படித்துக்கொண்டு சும்மா கிடக்கலாம் இல்லையா? இவருக்கு அது ஒத்துவரவில்லை. பழைய கார் ரேடியோ என்றால் அவ்வளவு பைத்தியம். கோயம்புத்தூர் உக்கடத்தில் செலின் நடத்தும் பழைய கார் ரேடியோ கடைக்கு வந்து தொழில் கற்றுக்கொண்டிருந்தார்.

செலினுக்கு முப்பத்து நாலு வயதுதான். ஆனால் அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவர்கள் பம்பாயிலிருந்துகூட அவளைத் தேடி வருவார்கள். ரேடியோவின் முதுகில் அது செய்யப்பட்ட வருஷத்தை அவள் சாக்பீஸால் எழுதிவிட்டால், அதற்கு மேல் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள்.

"வருஷம் பார்க்கத் தெரியுமாண்ணா?" என்றாள் செலின்.

"தெரியாமயா? கம்பெனித் தகட்டுல நம்பர் இருக்குது. உள்ள இருக்கற கண்டென்சர்ல வருஷ முத்திரை இருக்குது. ஸ்பீக்கர் முதுகுல இருக்குது. ஒரு தடவையாச்சும் தப்பாப் படிச்சிருக்கேனுங்களா?"

"இல்லை. நல்லாத்தான் படிக்கறீங்க."

"அப்புறம் என்னங்க?"

செலின் எழுந்தாள். அவளிடம் இதுதான் தொல்லை. வாயால் கேட்டால் கையால் பதில் சொல்லுவாள். உள்ளே போய் இரண்டு ரேடியோக்களைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

இரண்டும் ஒரே கம்பெனி. ஒரே குரோமியம் முகம், ஒரே பட்டன் வரிசை.

"இதுல ஒண்ணு ஃபேக்டரியில செஞ்சது. இன்னொண்ணு நான் இதே மேஜையில உக்காந்து கோத்தது. கோத்தகிரி போஜன் சார் இப்ப வருவார். அவரோட ரெண்டு சீட்டு காருக்கு அறுபத்தாறாம் வருஷத்து ஃபேக்டரி செட் வேணுமாம். நீங்க எதுல எழுதறீங்களோ, அதை அவர் எடுத்துட்டுப் போகட்டும்."

"தப்பாப் போச்சுன்னா?"

"ஞாயித்துக்கிழமை ஊட்டியில பழைய கார் கண்காட்சி. நடுவருங்க ரேடியோவைக் கழட்டிப் பார்ப்பாங்க. அத்தனை பேர் முன்னாடி போஜன் சார் தலை குனிஞ்சு நிப்பார். அப்புறம் நான் எழுதினாலும் ஒருத்தனும் நம்ப மாட்டான்."

"நீங்க தடுக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

சாக்பீஸை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

மயில்சாமிக்குப் பயம்தான். ஆனால் ஆசை யாரை விட்டது? ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இரண்டையும் திறந்தார்.

முதல் செட். தகடு அறுபத்தாறு. கண்டென்சர் அறுபத்தைந்து. ஸ்பீக்கர் அறுபத்து நாலு. "இதென்ன கூத்து" என்று முணுமுணுத்தார்.

இரண்டாவது செட். தகடு அறுபத்தாறு. கண்டென்சர் அறுபத்தாறு. ஸ்பீக்கரும் அறுபத்தாறு.

இதற்கு யோசனை வேறு வேண்டுமா? இரண்டாவதன் முதுகில் 1966 என்று கொட்டை எழுத்தில் எழுதினார். எழுதி முடித்து, தள்ளி நின்று, தன் கையெழுத்தைத் தானே பார்த்து ரசித்தார்.

போஜன் வந்தார். ஸ்வெட்டர் போட்ட தேயிலைத் தோட்டக்காரர், நிதானமான ஆள். பின்னாலேயே செலினும் வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து கடலை உரிக்க ஆரம்பித்தாள்.

"இதுங்களா?"

"இதேதாங்க" என்றார் மயில்சாமி. "நீங்களே பாருங்க. தகடு அறுபத்தாறு. கண்டென்சர் அறுபத்தாறு. ஸ்பீக்கர் அறுபத்தாறு. பிசிறே கிடையாதுங்க."

போஜன் பார்த்தார். தலையாட்டினார். பிறகு பக்கத்தில் திறந்து கிடந்ததைக் காட்டினார்.

"அது ஏன் வேண்டாம்?"

"அது ஒண்ணுக்கொண்ணு சேரலைங்க. ஸ்பீக்கர் ஒரு வருஷம், கண்டென்சர் ஒரு வருஷம். ஸ்டோர்ல அன்னைக்கு எது கைக்குக் கிடைச்சுதோ அதை எடுத்து மாட்டின மாதிரி..."

மயில்சாமி பாதியில் நிறுத்திவிட்டார்.

மில் ஸ்டோரில் அவர் எந்த பேரிங்கை எடுத்துக் கொடுப்பார்? போன வருஷத்து மிச்சம் இருந்தால் முதலில் அதைத்தான் தள்ளிவிடுவார். இந்த வருஷ முத்திரை போட்டதுதான் வேண்டும் என்று எந்த ஃபிட்டராவது வந்து நின்றிருக்கிறானா? நின்றிருந்தால் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பார்.

அவர் இரண்டு செட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மணி."

"சொல்லுங்கண்ணா."

"இது மூணும் ஒரே வருஷமா அமையறதுக்கு எத்தனை நாள் தேடினீங்க?"

செலின் கடலைத் தோலை ஊதினாள்.

"ரெண்டு வருஷம். அந்த ஸ்பீக்கர் ஒண்ணுதான் உயிரை வாங்கிருச்சு."

போஜனுக்கு ஒன்றும் புரியவில்லை. மயில்சாமி சட்டைக் கையால் சாக்பீஸ் எழுத்தை அழுத்தித் துடைத்தார். அந்த செட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு மற்றதைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஏங்க, அது ஒண்ணுக்கொண்ணு சேரலைன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் போஜன்.

"ஆமாங்க" என்றார் மயில்சாமி, அதன் முதுகில் 1966 என்று எழுதிக்கொண்டே. "சேரலைங்க."