நாவல் மரத்துக்குப் பனைத் தலை

குளக்கரைக் காட்டில் பதினொரு மரங்கள் இருந்தன. ஆனி கடைசியில் அடித்த ஒரு காற்றில் நான்கு விழுந்தன. ஏன் அந்த நான்கு விழுந்தன என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. விழுந்தவற்றில் உயரமும் இருந்தது, குட்டையும் இருந்தது. பருத்ததும் இருந்தது, மெலிந்ததும் இருந்தது.

எல்லோரையும் விட அதிகம் குழம்பியது ஓர் அணில். நாவல் மரத்தின் உச்சியில் அது கூடு கட்டியிருந்தது. கூட்டில் இன்னும் கீழே இறங்கத் தெரியாத குட்டிகள் மூன்று. அடுத்தது ஆடி. ஆடிக் காற்றுக்குத் தன் மரம் நிற்குமா என்று கண்டவர்களிடமெல்லாம் கேட்டது.

குட்டையான மரம்தான் தப்பும் என்றது ஆமை. தண்ணீரிலிருந்து தள்ளி நிற்பதுதான் தப்பும் என்றது கொக்கு. ஆனால் விழுந்து கிடந்ததில் குட்டை மரமும் இருந்தது, தள்ளி நின்ற மரமும் இருந்தது. கேட்கக் கேட்க அணிலுக்குத் தலை சுற்றியது.

அப்போது ஒரு குரங்கு வந்து விரல் விட்டு எண்ணிக் காட்டியது.

"நிற்கிற மரம் ஏழு. அதில் பனை ஐந்து. பனைக்கு உச்சியில்தான் தலை, கீழே ஒரு கிளை உண்டா? அதனால்தான் காற்றுக்குப் பிடி கிடைக்கவில்லை. உன் மரத்தையும் அப்படியே ஆக்கித் தருகிறேன் அக்கா."

மரங்கொத்தி குறுக்கிட்டது. "மீதி இரண்டு, புளியும் இந்த நாவலும். இரண்டுக்கும் கீழிருந்து மேல்வரை கிளைதானே? அவை ஏன் விழவில்லை?"

"ஐந்து பெரிதா, இரண்டு பெரிதா?" என்றது குரங்கு.

அணிலுக்கு இருவர் சொன்னதும் சரியாகவே பட்டது. கடைசியில் ஐந்தின் பக்கம் சாய்ந்தது. குரங்கு தன் கூட்டத்தை அழைத்து வந்தது. இரண்டே நாளில் கீழ்க்கிளைகள் பதினான்கையும் ஒடித்துப் போட்டார்கள். போகிற போக்கில் பழத்தையும் தின்று தீர்த்தார்கள்.

ஆடி மூன்றாம் நாள் மதியம் காற்று வந்தது. முன்பெல்லாம் கிளைகள் ஆளுக்கொரு பக்கம் ஆடும், அடிமரம் அசையாது. இப்போது மரமே ஆடியது. ஒரு பக்கம் சாய்ந்த உச்சி திரும்பி வர நெடுநேரம் ஆனது. அடிமரத்தில் நறநறவென்று சத்தம் கேட்டது.

அணில் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு மொட்டை மரத்தில் இறங்கி ஓடியது. அதைப் பாறை இடுக்கில் வைத்தது. இரண்டாவதையும் கொண்டுவந்தது. மூன்றாவதோடு பாதி இறங்குவதற்குள் நாவல் நடுவில் முறிந்தது. அணில் குதித்தது. அதன் கால் ஒன்று ஒடிந்தது. குட்டி பிழைத்தது.

காற்று ஓய்ந்ததும் குரங்கு வந்து பார்த்தது. பனை ஐந்தும் நின்றன, புளியும் நின்றது.

"பனை மாதிரியேதானே ஆக்கினேன், இது மட்டும் ஏன் முறிந்தது?" என்று தலையைச் சொறிந்தது.

"பனையை இன்றைக்குத்தான் கவனித்துப் பார்த்தேன்" என்றது அணில். "ஓலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, உடம்பை வளைத்து வளைத்து நிமிர்ந்தது. என் மரத்துக்கு அப்படி வளைய வராது. கிளைகளை ஆட்டித்தான் அது காற்றைத் தாங்கியது. அவற்றைத்தானே நாம் ஒடித்தோம்?"

"அப்படியானால் நான் எண்ணிய ஐந்து?"

"ஐந்தும் சரிதான். ஆனால் நான் குடியிருந்த மரமும் நின்றுகொண்டுதான் இருந்தது. மரங்கொத்தி சொல்லியும் அந்த ஒன்றை நாம் கணக்கில் எடுக்கவே இல்லை."

அடுத்தவர் தப்பிய வழியைப் பார்த்து மயங்கி, நம்மை இதுவரை தாங்கியதை நாமே ஒடித்துவிடக் கூடாது.