அளவுக்கு மீறிய பாயசம்

முன்னொரு காலத்தில் மகுடவர்மர் என்ற மன்னரின் சபையில் நடந்தது இது. அன்று அங்கே இருந்தவர்கள் மன்னர், அமைச்சர் தாண்டவராயர், சிங்காரப் பண்டிதர், எங்கள் குலத்து முன்னோர் நல்லபெருமாள் விகடர். வேறு யாராவது கூட இருந்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

புதுக் கிரீடம் அணிந்து வந்த மன்னர், எப்படி இருக்கிறது என்று விகடரைக் கேட்டார். கோபுரம் எழுந்து நடந்து வருவது போலிருக்கிறது, புறாக்கள் கூடு கட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் அவர். மன்னர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். விகடருக்குக் கிடைத்த மரியாதையைக் கண்டு நெடுநாளாகப் புழுங்கிய பண்டிதர் எழுந்தார்.

"அரசே, விகடர் அளவுக்கு மீறிப் பேசிவிட்டார்."

மன்னரின் சிரிப்பு நின்றது.

"விகடரே, அளவு எங்கே முடிகிறது, மீறல் எங்கே தொடங்குகிறது? நண்பகலுக்குள் எனக்குக் காட்டும். தவறினால் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போய்விடும்."

நண்பகல் விருந்தில் மன்னருக்குத் தாமே பரிமாற வேண்டும் என்று மட்டும் விகடர் கேட்டுக்கொண்டார்.

அந்த நாட்டில் உண்பவர் போதும் என்று வாயால் சொல்வதில்லை. இலைக்கு மேல் கையை மறிப்பார்; பரிமாறுபவர் நிறுத்துவார். மன்னருக்கோ பருப்புப் பாயசம் என்றால் உயிர். விகடர் ஒரு கரண்டி ஊற்றினார். மன்னர் வழித்துண்டு நிமிர்ந்தார். இன்னொரு கரண்டி. ஐந்தாவது கரண்டியும் போயிற்று. பக்கத்து இலையில் பண்டிதர் காத்திருந்தார். பாத்திரத்தில் பாயசம் குறைந்துகொண்டே வந்தது.

"நிறுத்தும் விகடரே, அளவுக்கு மீறி ஊற்றுகிறீர்" என்றார் பண்டிதர், பொறுக்கமாட்டாமல்.

மன்னருக்கு முகம் சிவந்தது. "இலை என்னுடையது, பண்டிதரே. நான் கையை மறிக்கவில்லை. மீறியதென்று சொல்ல நீர் யார்?"

விகடர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அரசே, காலையில் என் பேச்சும் தங்களுக்குத்தான் பரிமாறப்பட்டது. தாங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். கையை மறித்தவர் பண்டிதர்."

அமைச்சர் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார். மன்னர் கிரீடம் சரிந்து காதில் இடிக்கும்வரை சிரித்தார். மீறினால் இனி நானே கையை மறிக்கிறேன் என்று சொல்லி, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி விகடருக்கு அணிவித்தார்.

வீட்டில் மூட்டை கட்டிக் காத்திருந்த விகடரின் மனைவி, செய்தி வந்ததும் முடிச்சுகளை அவிழ்த்துப் பாத்திரங்களை எடுத்து அடுப்பை மூட்டினார்.

விகடர் மன்னரின் காலில் விழுந்து தப்பினார் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். விழவில்லை. நின்றுகொண்டுதான் பேசினார்.