நீல ஒயர்

இருதயராஜுக்கு ஒரு குரு வாய்த்தபோது வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்தொன்று.

திண்டுக்கல் தெருக்களில் பிளாஸ்டிக் குடம் சுமந்து விற்று மேலே வந்த மனிதர் இருதயராஜ். கம்ப்யூட்டர் சென்டர் வைத்த பிறகுதான் கம்ப்யூட்டரையே தொட்டார். சொல்லிக் கொடுத்தவர் மதுரையில் ரிப்பேர் கடை நடத்தும் தில்ஷாத். அன்று முதல் இவர் கூப்பிடுவது 'டீச்சர்'. அவர் கூப்பிடுவது 'அண்ணே'.

இப்போது சென்டருக்கு முப்பது லேப்டாப் வேண்டும். மே மாதம் தேர்வு, அதுவும் அவர் சென்டரிலேயே. பாதித் தேர்வில் ஒரு மெஷின் அணைந்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷம் போச்சு. சென்டர் பெயரும் கூடவே போச்சு.

புது மாடல் விற்பனைக்கு வருவதற்கு முன்பே சாம்பிளைக் காட்டி ஆர்டர் பிடிக்கிற காலம். போன வாரம் ஒரு கம்பெனிக்காரர் டீச்சர் கடைக்குக் கொண்டுவந்தது பளிங்கு மாதிரி இருந்தது. டீச்சர் ஒரே கேள்வி கேட்டார்.

"இதுல இதுவரைக்கும் என்னென்ன கெட்டுச்சு?"

"ஒண்ணுமே கெடலை மேடம்."

டீச்சர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். இருதயராஜ் திண்டுக்கல் போய் இறங்கும்வரை பஸ்ஸில் பொருமிக்கொண்டே போனார்.

இன்று அதே கடைக்கு வந்திருப்பவர் கோயம்புத்தூர் இன்ஜினியர் கதிர்வேலன். சின்னக் கம்பெனி. சாம்பிளின் மூலையில் ஒரு கீறல் வேறு.

இருதயராஜ் டீச்சர் காதோரம் குனிந்தார். "வெளியவே வராத மெஷினை எதை வச்சு டீச்சர் நல்லதுன்னு நம்பறது?"

டீச்சர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"திறக்கலாமா?"

"தாராளமாத் திறங்க மேடம்."

உள்ளே போர்டின் குறுக்கே, தலைமுடி கனத்தில் ஒரு நீல ஒயர். கையால் பற்றவைத்தது.

இருதயராஜுக்கு உள்ளூரக் குஷி. குறை கண்டால் குரல் ஏறும், குரல் ஏறினால் விலை இறங்கும். முப்பது வருஷம் அவருக்குச் சோறு போட்ட வித்தை அது.

"என்னய்யா இது, ஒட்டுப் போட்டதைப் புதுசுன்னு தள்ள வந்தியா? ஓட்டைக் குடம் நானே எத்தனை வித்திருக்கேன் தெரியுமா? என்கிட்டயேவா?"

கதிர்வேலன் முகம் சுண்டிப்போனது.

டீச்சர் கேட்டார். "ஒயரை யார் வச்சது?"

"நாந்தானுங்க."

"எதுக்கு?"

"வெயிலுக்குங்க மேடம். போன மே மாசம் தகர ஷெட்டுல பத்து மெஷினை ஓட விட்டோம். உச்சி வெயில்ல நாலு அணைஞ்சு போச்சு. மூணு நாள் தேடி, இந்த ஒயரைப் போட்டேன். அப்புறம் அணையலைங்க. விக்க வர்ற போர்டுல இந்த இணைப்பு உள்ளயே அச்சாகி வந்துரும்."

"வேற?"

"கீல் கொஞ்சம் லூசுங்க. இன்னும் சரி பண்ணலை."

"அதை யாருய்யா உன்னைக் கேட்டா?" என்றார் இருதயராஜ், அவரை அறியாமல்.

டீச்சர் சிரித்துக்கொண்டே மூடியைப் பொருத்தி ஸ்க்ரூவை முடுக்கினார்.

"ஆர்டர் குடுங்கண்ணே. முதல் மெஷின் வந்ததும் இங்க கொண்டாங்க, திறந்து பாத்துருவோம்."

"ஒட்டுப் போட்டதுக்கா ஆர்டர்? பளிங்கு மாதிரி வந்ததை வேண்டாம்னீங்க."

"அதுல என்ன கெட்டுச்சுன்னாரு?"

"ஒண்ணும் கெடலைன்னாரு."

"அப்ப அது இனிமேதான் கெடணும்."

இருதயராஜ் கண்முன் மே மாதம் வந்து நின்றது. புழுங்குகிற ஹால், முப்பது பிள்ளைகள், அறுபது கை. அவர் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் பழைய தெம்பு.

"சரி, வாங்கறேன். ஆனா தம்பி, இந்த ஒயருக்குன்னு ஒரு விலை குறைச்சாகணும்."

"விலை பேசுங்கண்ணே. ஒயரைச் சொல்லிப் பேசாதீங்க."

"கண்ணுக்கு நேரா ஒட்டு இருக்கு டீச்சர். அதை விட்டுட்டு வேற எதைச் சொல்லிப் பேசறது?"

டீச்சர் டீ கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினார்.

"சரி, சொல்லியே பேசுங்க. திறந்து காட்டினதுக்குத் தண்டமா அவரும் குறைச்சுக் குடுப்பார். ஆனா அடுத்த தடவை அவர் கொண்டுவர்ற மெஷின்ல திறக்க ஸ்க்ரூவே இருக்காது."